'ச்சீ' என்று ஒதுக்கிய பீட்ஸா... உலகை வென்ற கதை!



பீட்ஸா என்றதுமே உங்களில் பலருக்கு நாக்கில் எச்சில் ஊறும். நூல் நூலாக இழுபடும் சீஸ், சிவப்புத் தக்காளிச் சாஸ், சுடச்சுட ஆவி... ஆஹா! ஆனால் இதே பீட்ஸாவைப் பார்த்து ஒரு காலத்தில் பெரிய பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள் என்றால் நம்புவீர்களா? அம்மா கட்டிக் கொடுத்த இத்தாலியச் சாப்பாட்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வெட்கப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள்!

அமெரிக்காவில் சின்னச் சின்ன பீட்ஸா கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. 'பிட்ஸேரியா' என்று சொல்வார்கள். அப்படிப்பட்ட கடைச் சுவரில் மாட்டியிருக்கும் பட்டியலைப் பார்த்தால், பீட்ஸா மட்டும் இருக்காது. மீட்பால் சாண்ட்விச், சிக்கன் பார்ம், பர்கர் என்று நீண்டுகொண்டே போகும். அந்தப் பெயர்களில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு கப்பல் பயணம் ஒளிந்திருக்கிறது. வாருங்கள், பட்டியலை மேலிருந்து ஒவ்வொன்றாகப் படிப்போம்!

ஏழைகளின் காலைச் சாப்பாடு

முதலில் இருப்பது பீட்ஸா. இது வளர்ந்த ஊர், இத்தாலியின் தெற்கே கடற்கரையில் இருக்கும் நேப்பிள்ஸ். பக்கத்திலேயே வெசூவியஸ் எரிமலை நிற்கிறது. 200 ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஊரில் கூட்டம் கூட்டமாக ஏழைகள் வாழ்ந்தார்கள். மூட்டை தூக்குபவர்கள், மீனவர்கள், கூலிக்காரர்கள் என்று பலர். பலருக்கு இருந்தது ஒரே ஓர் அறை. அதில் சமையலறைக்கு இடம் ஏது?

அவர்களுக்குக் கை கொடுத்தது பீட்ஸா. தட்டையான ரொட்டி மீது பூண்டு, எண்ணெய், தக்காளி, சில சமயம் குட்டி மீன்கள். அவ்வளவுதான்! வியாபாரிகள் அதைத் தெருத் தெருவாகச் சுமந்து விற்றார்கள். கையில் எவ்வளவு காசு இருக்கிறதோ, அதற்கு ஏற்ற அளவில் துண்டு வெட்டிக் கொடுப்பார்கள். காசே இல்லையா? 'இன்று சாப்பிடு, எட்டு நாள் கழித்துக் கொடு' என்று கடன் சொல்லும் வழக்கமும் அங்கே இருந்தது.

இந்தத் தக்காளிக்கு ஒரு சுவையான கதை உண்டு. தக்காளி இத்தாலியில் பிறந்த செடியே இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறி வந்தது. விஷச் செடிகள் சிலவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், அதைச் சாப்பிடப் பலரும் பயந்தார்கள். தெற்கு இத்தாலியின் ஏழைகள்தான் துணிந்து ரொட்டி மீது போட்டார்கள். நம் வீட்டு ரசத்தில் மிதக்கும் தக்காளியும், குழம்பில் போடும் மிளகாயும்கூட அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான், தெரியுமா?

பினோக்கியோ எழுதியவரா இப்படி?

1831-ல் நேப்பிள்ஸுக்கு ஓர் அமெரிக்கர் வந்தார். பெயர் சாமுவேல் மோர்ஸ். பின்னாளில் தந்திக்கான 'மோர்ஸ் குறியீடு' உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். பீட்ஸாவைப் பார்த்துவிட்டு, சாக்கடையிலிருந்து எடுத்த ரொட்டி மாதிரி இருக்கிறது என்ற பொருளில் எழுதி வைத்தார்!

அவராவது வெளிநாட்டுக்காரர். மூக்கு நீளும் மரப்பொம்மை பினோக்கியோவை உங்களுக்குத் தெரியும்தானே? அந்தக் கதையை எழுதிய கார்லோ கொலோடி இத்தாலிக்காரர். வடக்கே ஃபிளாரன்ஸ் நகரில் பிறந்தவர். 1886-ல் வெளியான தன் புத்தகம் ஒன்றில் அவரும் பீட்ஸாவை அழுக்குப் பண்டம் என்றே எழுதினார். விற்பவரும் அதே மாதிரி அழுக்காகத்தான் இருக்கிறார் என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஏன் இப்படி? நெரிசலான அந்த ஊரில் அடிக்கடி காலரா பரவியது. 1884-ல் பெரிய அளவில் பரவி, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதனால் அங்கே தெருவில் விற்கும் எதைப் பார்த்தாலும் வெளியூர்க்காரர்களுக்குப் பயம், அருவருப்பு. இன்னொரு காரணமும் உண்டு. அது ஏழைகளின் சாப்பாடு. ஏழைகளைப் பிடிக்காதவர்களுக்கு அவர்கள் சாப்பாடும் பிடிக்கவில்லை!

1889-ல் இத்தாலி ராணி மார்கெரிட்டா நேப்பிள்ஸுக்கு வந்தபோது, ராஃபேலே எஸ்போசிட்டோ என்பவர் அவருக்கு பீட்ஸா செய்து கொடுத்தாராம். சிவப்புத் தக்காளி, வெள்ளைச் சீஸ், பச்சைத் துளசி வகை இலை. மூன்றும் சேர்ந்தால் இத்தாலியக் கொடியின் நிறம்! அதனால்தான் 'மார்கெரிட்டா பீட்ஸா' என்ற பெயர் வந்தது என்பார்கள். இது அப்படியே நடந்ததா என்று வரலாற்று ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். ஆனாலும் கதை அழகாக இருக்கிறது, இல்லையா?

ஒன்றரை நிமிட மாயம்

பீட்ஸா எப்படி வேகிறது? கோதுமை மாவில் தண்ணீர், உப்பு, ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்து மூடி வைப்பார்கள். ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிர். அது மாவில் உள்ள சர்க்கரையைச் சாப்பிட்டு, கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை வெளியிடும். அந்தக் குமிழ்கள்தான் மாவை 'புஸ்' என்று உப்ப வைக்கின்றன.

பிறகு வட்டமாகத் தட்டி, விறகடுப்புக்குள் தள்ளுவார்கள். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரி செல்சியஸில். நேப்பிள்ஸ் அடுப்பின் வெப்பமோ சுமார் 450 டிகிரி! அதனால் ஒன்றரை நிமிடத்துக்குள் பீட்ஸா தயார். மேலே போடும் மொசரெல்லா சீஸை அந்த வட்டாரத்தில் எருமைப் பாலில் செய்வது வழக்கம். அமெரிக்காவுக்குப் போன பிறகு, பெரும்பாலும் பசும்பால் சீஸ் ஆகிவிட்டது.

கப்பலேறிய லட்சக்கணக்கானோர்

நேப்பிள்ஸ் பீட்ஸா அமெரிக்காவுக்கு எப்படிப் போனது? வயிற்றுப்பாடுதான் காரணம்.

தெற்கு இத்தாலியில் விவசாயிகள் பலருக்குச் சொந்த நிலம் இல்லை. வரி அதிகம், வேலை குறைவு. அதனால் 1880-லிருந்து 1920 வரை 40 லட்சத்துக்கும் அதிகமான இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். கப்பலின் அடித்தட்டில், காற்றோட்டம் இல்லாத இடத்தில், நெருக்கியடித்துக்கொண்டு பயணம். 1892-லிருந்து நியூயார்க் துறைமுகத்தில் உள்ள எல்லிஸ் தீவில் அவர்களை நிறுத்தி, உடல்நலச் சோதனை செய்து, பெயரைச் சரிபார்த்து, பிறகுதான் ஊருக்குள் விட்டார்கள்.

கிடைத்த வேலை எல்லாம் கடினமானவை. சாலை போட்டார்கள், கட்டடம் கட்டினார்கள். நியூயார்க்கின் சுரங்க ரயில் பாதையைத் தோண்டியவர்களில் இத்தாலியர்கள் ஏராளம். மத்தியானம் பசிக்குமே! அப்போது அவர்களுக்கு ஊர்ச் சாப்பாடு வேண்டியிருந்தது.

நியூயார்க்கில் இத்தாலியர்கள் நிறைந்த பகுதிக்கு 'லிட்டில் இத்தாலி' என்று பெயர். அங்கே ஜெனாரோ லொம்பார்டி என்பவர் பெயரில் இருந்த கடையைத்தான் 1905-ல் தொடங்கிய அமெரிக்காவின் முதல் பீட்ஸா கடை என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். ஃபிலிப்போ மிலோனே என்ற இன்னொரு ரொட்டிக்காரர் அதற்கும் முன்பே கடைகள் தொடங்கியிருந்தார் என்று அண்மை ஆண்டுகளில் ஆய்வாளர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். இந்தப் பழைய கடைகளில் விறகுக்குப் பதில் நிலக்கரி அடுப்பு. அதனால் அடிப்பக்கம் கறுத்து, மொறுமொறுப்பான புது வகை பீட்ஸா பிறந்தது. யோசித்துப் பாருங்கள்! அமெரிக்கக் கண்டத்திலிருந்து இத்தாலிக்குப் போன தக்காளி, பீட்ஸா மீது ஏறி மறுபடி அமெரிக்காவுக்கே வந்துவிட்டது!

ரொட்டியை எங்கே ஒளிப்பது?

இப்போது உங்கள் வயதுப் பிள்ளைகளின் கதைக்கு வருவோம்.

1896-ல் இத்தாலியிலிருந்து நியூயார்க்குக்கு லியோனார்டோ கொவியெல்லோ என்ற சிறுவன் வந்தான். பள்ளியில் ஆசிரியைக்கு அவன் பெயர் வாயில் நுழையவில்லை. ஓர் எழுத்தை எடுத்துவிட்டு, 'கொவெல்லோ' என்று மாற்றிவிட்டார்! வீட்டில் அம்மாவுக்கு வருத்தம். பெயரை இப்படி மாற்றலாமா என்று அவர் மனம் ஒப்பவில்லை. ஆனால் பள்ளியில் மாறிய பெயர் மாறியதுதான்.

அந்தச் சிறுவன் வளர்ந்து, லியோனார்ட் கொவெல்லோ என்ற ஆசிரியர் ஆனார். தன்னைப் போலக் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் பள்ளியில் பட்ட அனுபவங்களைக் கேட்டுக் கேட்டுத் திரட்டினார். அதில் ஒருவரின் நினைவு மனதைத் தொடுகிறது.

அவருடைய அம்மா தினமும் பாதி நீள ரொட்டியைப் பிளந்து, வதக்கிய குடைமிளகாயும் வெங்காயமும் வைத்துக் கொடுப்பார். சில நாள் எண்ணெயும் பூண்டும் தடவிக் கொடுப்பார். அதைப் பள்ளிக்குக் கொண்டுபோனால் மற்ற பிள்ளைகள் முன்னால் மானமே போய்விடும் என்று அந்தப் பையனுக்குப் பயம். சரி, தூக்கிப் போட்டுவிடலாம் என்றால் அதுவும் முடியாது. ரொட்டியை ஒருபோதும் எறியக் கூடாது என்று வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்களே! கொண்டுபோகவும் முடியாமல், எறியவும் முடியாமல், அந்த ரொட்டியை என்ன செய்வது என்று தவித்திருக்கிறான்.

கேலி செய்தது பிள்ளைகள் மட்டுமா? பெரியவர்களும்தான். பூண்டும் காரமும் உடம்புக்கு ஆகாது, அமெரிக்கர்கள் சாப்பிடுவது போலச் சாப்பிடுங்கள் என்று வீடு வீடாகப் போய் இத்தாலியர்களுக்கு அறிவுரை சொன்னவர்கள் இருந்தார்கள். காய்கறி, பருப்பு, ஆலிவ் எண்ணெய் சேர்ந்த அந்தச் சாப்பாடு நல்ல சாப்பாடு என்று பிற்காலத்தில் மருத்துவர்களே பாராட்டியது வேறு கதை!

கொவெல்லோ சும்மா இருக்கவில்லை. பிரெஞ்சு, ஸ்பானிஷ் போல இத்தாலிய மொழியையும் பள்ளியில் கற்றுத்தர வேண்டும் என்று போராடினார். 1922-ல் நியூயார்க் பள்ளிகளில் அதற்குச் சம இடம் கிடைத்தது. 1934-ல் கிழக்கு ஹார்லெம் பகுதியில் தொடங்கிய பெஞ்சமின் ஃபிராங்க்ளின் உயர்நிலைப் பள்ளிக்கு அவரே தலைமை ஆசிரியர் ஆனார். பெற்றோர்களையும் பள்ளிக்குள் வரவழைத்தார். வீட்டு மொழியையும் வீட்டுச் சாப்பாட்டையும் நினைத்து எந்தப் பிள்ளையும் தலைகுனியக் கூடாது என்பது அவர் ஆசை.

இத்தாலியில் கிடைக்காத இத்தாலியச் சாப்பாடு!

பட்டியலில் அடுத்து 'சிக்கன் பார்ம்'. இத்தாலியில் கத்தரிக்காயைத் துண்டு போட்டுப் பொரித்து, தக்காளிச் சாஸும் சீஸும் அடுக்கி அடுப்பில் வைப்பார்கள். 'பார்மிஜானா' என்று பெயர். ஊரில் இறைச்சி என்பது பண்டிகைக்கு மட்டுமே. அமெரிக்காவிலோ இறைச்சி மலிவு! அதனால் கத்தரிக்காய் இருந்த இடத்தில் கோழி வந்து உட்கார்ந்துகொண்டது. அதை அப்படியே ரொட்டிக்குள் வைத்தால் சிக்கன் பார்ம் சாண்ட்விச்.

ஸ்பகெட்டி மீது பெரிய பெரிய இறைச்சி உருண்டைகளை வைத்துக் கொடுப்பதும் அமெரிக்காவில் வந்த பழக்கம்தான். இத்தாலியில் உருண்டை சிறியதாக இருக்கும், தனியாகப் பரிமாறுவார்கள்.

பீட்ஸா மீது சிவப்பு வட்டமாகப் போடும் 'பெப்பரோனி' இறைச்சியும் அமெரிக்காவில் பிறந்த பெயர். நீங்கள் இத்தாலிக்குப் போய் 'பெப்பரோனி பீட்ஸா' கேட்டால் என்ன வரும் தெரியுமா? குடைமிளகாய் போட்ட பீட்ஸா! அந்த மொழியில் 'பெப்பரோனி' என்றால் குடைமிளகாய்.

நீள ரொட்டிக்கு எத்தனை பெயர்!

நீளமான ரொட்டியைப் பிளந்து இறைச்சி, சீஸ், காய்கறி அடைத்த சாண்ட்விச்சுக்கு ஊருக்கு ஒரு பெயர். நியூயார்க்கில் 'ஹீரோ'. ஃபிலடெல்ஃபியாவில் 'ஹோகி'. நியூ இங்கிலாந்து பகுதியில் 'கிரைண்டர்'. பல இடங்களில் 'சப்'. அதாவது சப்மரீன். நீர்மூழ்கிக் கப்பல் மாதிரி நீளமாக இருக்கிறதல்லவா!

நியூ ஆர்லியன்ஸ் நகரத்து நீளச் சாண்ட்விச்சின் பெயர் 'போ பாய்'. 1929-ல் அந்த ஊரில் டிராம் வண்டித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் இல்லை, வீட்டில் அடுப்பு எரியவில்லை. பென்னி, க்ளோவிஸ் மார்ட்டின் என்ற சகோதரர்கள் அங்கே கடை வைத்திருந்தார்கள். அவர்களும் முன்பு டிராமில் வேலை பார்த்தவர்கள். 'நம்ம ஆட்கள் பசியோடு இருக்கக் கூடாது' என்று இலவசமாகவே சாண்ட்விச் கொடுத்தார்கள். தொழிலாளி ஒருவர் வருவதைப் பார்த்ததும், 'இதோ, இன்னொரு பாவப்பட்ட பையன் வருகிறான்' என்று கடைக்குள் சொல்வார்களாம். ஆங்கிலத்தில் 'புவர் பாய்'. அதுவே 'போ பாய்' ஆனது என்று அந்தக் கடைக்காரர்கள் பின்னாளில் சொன்னார்கள். ஒரே அளவாக வெட்ட வசதியாக, அதற்கான நீள ரொட்டியைச் சுட்டுக் கொடுத்தவர் ஜான் ஜென்டூசா. இத்தாலியிலிருந்து வந்த குடும்பம்!

ஹாம் இல்லாத ஹாம்பர்கர்

பட்டியலில் கடைசியாக பர்கர். 'ஹாம்' என்றால் பன்றி இறைச்சி. ஆனால் ஹாம்பர்கரில் வழக்கமாக இருப்பது கொத்திய மாட்டிறைச்சி. பின் ஏன் அந்தப் பெயர்? ஜெர்மனியில் உள்ள ஹாம்பர்க் துறைமுகத்தின் பெயர் அது. ஜெர்மானியர்களும் இத்தாலியர்களைப் போலக் கப்பலேறி அமெரிக்கா வந்தவர்களே.

பர்கரும் ஒரு காலத்தில் 'ச்சீ' பட்டியலில்தான் இருந்தது. 1906-ல் அப்டன் சிங்க்ளேர் என்ற எழுத்தாளர், இறைச்சி ஆலைகளின் அசுத்தத்தைத் 'தி ஜங்கிள்' என்ற நாவலில் எழுதினார். நாடே அதிர்ந்தது. அதே ஆண்டில் இறைச்சியைச் சோதிக்கும் சட்டம் வந்தது. ஆனாலும் கொத்திய இறைச்சியில் என்ன கலந்திருக்குமோ என்ற பயம் போகவில்லை. 1921-ல் கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் 'ஒயிட் கேசில்' என்ற கடை திறந்தது. பெயரே வெள்ளைக் கோட்டை! கடை முழுக்க வெள்ளை. வாடிக்கையாளர் கண் முன்னாலேயே சமையல். விலை 5 சென்ட். 'பாருங்கள், எல்லாம் சுத்தம்' என்று காட்டியதும் பயம் பறந்தது.

இதே விச்சிட்டாவில் 1958-ல் டான், ஃபிராங்க் கார்னி என்ற கல்லூரி மாணவர்கள் அம்மாவிடம் 600 டாலர் கடன் வாங்கி ஒரு கடை போட்டார்கள். அதுதான் 'பீட்ஸா ஹட்'! இத்தாலியர்களின் தெருக்களைத் தாண்டி, பீட்ஸா அமெரிக்கா முழுக்கப் பரவத் தொடங்கிய காலம் அது. 1960-ல் மிச்சிகன் மாநிலத்தில் 'டோமினோஸ்' தொடங்கியது. 1996-ல் இரண்டுமே இந்தியாவுக்கு வந்துவிட்டன.

சாக்கடை ரொட்டிக்கு உலக மரியாதை!

2017-ல் நேப்பிள்ஸ் பீட்ஸா கலைஞர்களின் கைத்திறனை, மனிதகுலத்தின் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாக ஐ.நா.வின் யுனெஸ்கோ அமைப்பு அறிவித்தது. மாவை விரல்களால் தட்டி, காற்றில் சுழற்றி, அடுப்பில் தள்ளும் அதே கலைதான். மோர்ஸும் கொலோடியும் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

பீட்ஸா மாறவில்லை குட்டீஸ். ரொட்டி, தக்காளி, பூண்டு, எண்ணெய் எல்லாம் அன்று இருந்தவைதான். பார்த்தவர்களின் கண்தான் மாறியது. ஆனால் அது மாறுவதற்குள் எத்தனை பிள்ளைகள் அம்மா கொடுத்த ரொட்டியை ஒளித்து வைத்து, பசியோடு இருந்திருப்பார்கள்?

உங்கள் வகுப்பிலும் ஒருவர் டிபன் பாக்ஸை முழுதாகத் திறக்காமல், மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிடலாம். கருவாடோ, கேழ்வரகுக் களியோ, பழைய சோறோ, நீங்கள் பார்த்தே இராத வேறு மாநிலச் சாப்பாடோ அதில் இருக்கலாம். மூக்கைப் பொத்தாதீர்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இது என்னப்பா? உங்க வீட்டில் எப்படிச் செய்வாங்க?" என்று கேளுங்கள். அந்த மூடி தானாகத் திறக்கும்!